பிடில்காரர் ஜான் கார்சன்: முதல் கண்ட்ரி இசைத்தட்டும் அதன் பின்னால் உள்ள வில்லங்கமும்

பழையதட்டு எழுதியது:

அமெரிக்கக் கிராமத்து இசையான கண்ட்ரி இசை 1927இல் டென்னசி-வர்ஜீனியா எல்லை ஊரான பிரிஸ்டலில் நடந்த தட்டுப் பதிவில் பிறந்தது என்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பாடிய கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் பெரிய ஆட்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே, 1923 ஜூனில், அட்லாண்டாவின் நாசாவ் தெருவில் ஒரு காலிக் கட்டடத்துக்குள் ஜான் கார்சன் என்ற பிடில்காரர் பாடிக்கொடுத்த தட்டு விற்காமல் போயிருந்தால், கம்பெனிகளுக்காகப் பாடகர்களைத் தேடிப் பதிவு செய்த ரால்ஃப் பியர் பிரிஸ்டல் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். அட்லாண்டாவில் போல்க் பிராக்மன் என்று ஒருவர், தாத்தாவின் மரச்சாமான் கடையில் கிராமபோன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் கிராமபோன் பெரிய மரப்பெட்டிக்குள் வரும், கட்டில் பீரோ விற்கிற கடையில்தான் அதுவும் விற்கும், தட்டும் அங்கேயே கிடைக்கும். ‘ஓகே’ கம்பெனித் தட்டுகளுக்கு அந்த வட்டாரத்தில் இவர்தான் மொத்த வியாபாரி. வேலையாக நியூயார்க் போனவர் அங்கே ஒரு தியேட்டரில் வர்ஜீனியா பிடில் போட்டி பற்றிய செய்திப்படத்தைப் பார்த்திருக்கிறார். உட்கார்ந்த இடத்திலேயே நோட்டை எடுத்து ‘கார்சனைப் பதிவு செய்ய வேண்டும்’ என்று குறித்துக்கொண்டார்.

கம்பெனி சார்பில் பதிவுக் கருவிகளோடு அட்லாண்டா வந்த பியருக்குக் கார்சன் பாடியது துளியும் பிடிக்கவில்லை. பாட்டு சகிக்கவே முடியாத அளவு மோசம் என்பது அவர் தீர்ப்பு. பிராக்மன் விடவில்லை, எனக்கு 500 தட்டு மட்டும் அடித்துக்கொடுங்கள், நான் விற்றுக்கொள்கிறேன் என்றார். கம்பெனி தன் பட்டியல் எண்கூடக் கொடுக்காமல் அடித்து அனுப்பியது. அடுத்த மாதம் அட்லாண்டாவில் நடந்த பிடில் மாநாட்டு மேடையிலேயே கார்சனை வாசிக்க வைத்து, தட்டையும் போட்டுக் காட்டி, அங்கேயே விற்றுத் தீர்த்தார்கள். ‘இனிமேல் சாராயம் காய்ச்சுவதை விட்டுவிட்டு தட்டுப் போட வேண்டியதுதான்’ என்று கார்சன் சொன்னது அந்தச் சமயத்தில்தான் என்பார்கள். கம்பெனி அவசர அவசரமாக எண் போட்டு நாடெங்கும் வெளியிட்டது, நவம்பரில் அவரை நியூயார்க்குக்கே கூப்பிட்டு இன்னும் ஒரு டஜன் பாட்டுப் பதிவு செய்தது.

இவ்வளவு நடந்தும் இவர் பெயர் ஏன் ஓரத்திலேயே நிற்கிறது? உங்கள் கருத்து என்ன?

ஊசிமுனை எழுதியது:

முதல், முதல் என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும் சார். எக் ராபர்ட்சனை எங்கே விட்டீர்கள்? டெக்சாஸ் ஆள். 1922இல் வர்ஜீனியாவில் நடந்த பழைய போர்வீரர்கள் கூட்டத்தில் வாசித்துவிட்டு, கூட வந்த ஹென்றி கில்லிலாண்டையும் இழுத்துக்கொண்டு நேராக நியூயார்க் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனி வாசலில் போய் நின்றவர். ஜூன் கடைசியிலும் ஜூலை 1ஆம் தேதியும் பதிவு. கார்சனுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முந்தி. அதில் ‘சாலி குடின்’ என்று ஒரு தனி பிடில் உருப்படி இருக்கிறது, ஒரே மெட்டைப் பத்துத் தடவைக்கு மேல் சுற்றி வருவார், ஒரு சுற்று மாதிரி இன்னொன்று இருக்காது. வாசிப்பு என்று பார்த்தால் கார்சன் இவர் பக்கத்தில் நிற்க முடியாது. என் கருத்து, அவ்வளவுதான்.

பழையதட்டு எழுதியது:

ராபர்ட்சன் கை பெரிய கை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விக்டர் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு என்ன செய்தது? ஆற அமர வெளியிட்டது, யாருக்கு விற்பது என்றே அதற்குத் தெரியவில்லை. பிராக்மனுக்குத் தெரிந்திருந்தது. கார்சன் 1922இலேயே அட்லாண்டாவின் டபிள்யூ எஸ் பி வானொலியில் வாசித்தவர். அதற்கு முன்னால் 1913இல் தொடங்கிய ஜார்ஜியா பிடில் மாநாட்டில் வருஷா வருஷம் போட்டியிட்டு 1922க்குள் ஏழு தடவை சாம்பியன். ஊர் ஊராகப் போய் வாசித்துக் கைதட்டல் வாங்கிய முகம். வாங்குகிற ஆள் ஏற்கெனவே தயாராக இருந்தார், தட்டு மட்டும்தான் இல்லை. ‘முதல்’ என்று நான் சொல்வது அந்தக் கணக்கில். கிராமத்தானும் மில் தொழிலாளியும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவான் என்று கம்பெனிகளுக்குப் புரிய வைத்த முதல் தட்டு.

ராத்திரிரயில் எழுதியது:

இப்போதுதான் கேட்டேன். மன்னிக்கவும், பியர் சொன்னதில் தப்பே இல்லை 😀 கரகரவென்று ஒரு கிழக்குரல், சுருதி எங்கேயோ போகிறது, பின்னணியில் ஒரு கிடார்கூடக் கிடையாது. இதையா 500 பேர் அடித்துப் பிடித்து வாங்கினார்கள்?

வில்லும்தந்தியும் எழுதியது:

ராத்திரிரயில் தம்பி, இன்னொரு தடவை கேளுங்கள், இந்தத் தடவை பிடிலை மட்டும். நான் கர்நாடக வயலின் வாசிக்கிறவள், எனக்கும் முதலில் காது கூசியது. அப்புறம் அவர் செய்வது புரிந்தது. குரல் எந்த மெட்டில் போகிறதோ அதையே பிடிலும் அதே நேரத்தில் வாசிக்கிறது, ஆனால் இம்மி பிசகாமல் ஒட்டி அல்ல. குரல் ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது பிடில் அதன் மேலும் கீழும் தொட்டுவிட்டு வரும், குரல் வளைகிற இடத்தில் வில் நேரே இழுத்துக்கொண்டு போகும். பாடகர் பின்னாலேயே போகிற பக்கவாத்தியக்காரரைப் போல, இங்கே பாடகரும் பக்கவாத்தியமும் ஒரே ஆள். பாடிக்கொண்டே இப்படி வாசிப்பது சாமான்யம் இல்லை, நான் முயன்று பார்த்தேன், வரவில்லை.

இன்னொன்று. பிடிலைத் தாடைக்கு அடியில் இடுக்கினால் வாயைத் தாராளமாகத் திறந்து பாட முடியாது. அந்தக் காலத்துக் கிராமத்துப் பிடில்காரர்கள் பலர் வாத்தியத்தை மார்பிலோ மேற்கையிலோ சாய்த்து வைத்துக்கொண்டு வாசித்ததற்கு இதுவும் ஒரு காரணம். அப்படி வைத்தால் இடது கையே வாத்தியத்தைத் தாங்க வேண்டும், தந்தியில் மேலே கீழே சறுக்க முடியாது, விரல் ஒரே இடத்தில்தான் வேலை செய்யும். குறையை ஈடுகட்ட வில்லை நம்புவார்கள். தாளம், அழுத்தம், ஒரே வீச்சில் இரண்டு தந்தி, எல்லாம் வலது கையில்.

1923இல் மைக் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு பெரிய கூம்பின் வாயில் பாட வேண்டும், அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். மைக் வைத்த மின்பதிவு 1925 வாக்கில்தான் வந்தது. நீங்கள் கேட்பது ஒரு கூம்புக்குள் ஏறிய அளவு கார்சன், மீதி வெளியே நின்றுவிட்டது.

தட்டின் மறுபக்கத்தில் ஒரு கோழிப் பாட்டு இருக்கும், கோழி கொக்கரிப்பதை வில்லிலேயே செய்து காட்டுவார். அதை முதலில் கேளுங்கள்.

ராத்திரிரயில் எழுதியது:

கோழி நன்றாக இருக்கிறது அக்கா. அதை ஒத்துக்கொள்கிறேன்.

மில்காரன்மகள் எழுதியது:

எல்லோரும் வில்லையும் தந்தியையும் பற்றிப் பேசுகிறீர்கள், மேரி ஃபேகன் பேச்சை யாரும் எடுக்கவில்லையே. பழையதட்டு சார், இவர் பெயர் ஓரத்தில் நிற்பதற்குக் காரணம் கேட்டீர்கள், பெரிய காரணம் அதுதான்.

மேரி ஃபேகன் 13 வயதுப் பெண், அட்லாண்டாவில் பென்சில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். 1913 ஏப்ரல் 26ஆம் தேதி, விடுமுறை நாள், பாக்கிச் சம்பளம் ஒரு டாலர் 20 சென்ட் வாங்கப் போனாள், மறுநாள் விடிவதற்குள் நிலவறையில் பிணமாகக் கிடைத்தாள். தொழிற்சாலை மேலாளர் லியோ ஃபிராங்க், வடக்கிலிருந்து வந்த யூதர், மேல் பழி விழுந்தது. வழக்கில் தூக்குத் தண்டனை. சாட்சியங்கள் சரியில்லை என்று ஆளுநர் ஜான் ஸ்லேட்டன் பதவி முடியும் தறுவாயில் 1915 ஜூனில் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். ஆகஸ்டில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து ஃபிராங்கைத் தூக்கிக்கொண்டு போய் மேரியின் சொந்த ஊரான மரியெட்டா பக்கத்தில் மரத்தில் தொங்கவிட்டது.

இந்த இரண்டு வருஷமும் கார்சன் என்ன செய்தார்? மேரி பற்றி ஒரு கதைப்பாட்டுக் கட்டித் தெருத்தெருவாகப் பாடினார். பாட்டைத் தாளில் அச்சடித்து விற்றார். ஃபிராங்கைத் தொங்கவிட்ட அன்று மரியெட்டா நீதிமன்றப் படிக்கட்டில் நின்று, கூடியிருந்த கூட்டத்துக்கு அதே பாட்டைப் பிடிலோடு பாடினார். 1982இல், அந்தத் தொழிற்சாலையில் அப்போது எடுபிடிப் பையனாக இருந்த ஒருவர், வழக்கின் முக்கிய சாட்சியான ஜிம் கான்லியே அந்தப் பெண்ணின் உடலைத் தூக்கிக்கொண்டு போனதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். 1986இல் ஜார்ஜியா அரசு ஃபிராங்குக்கு மன்னிப்பு வழங்கியது, அதிலும் குற்றவாளியா இல்லையா என்று வாயைத் திறக்கவில்லை.

முதல் தட்டு, ஏழு தடவை சாம்பியன் என்று மாலை போடும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஊசிமுனை எழுதியது:

சம்பவம் தெரியும். ஆனால் கொன்றது பாட்டு இல்லையே? ஜார்ஜியா அரசியல்வாதி டாம் வாட்சன் தன் பத்திரிகையில் வாரா வாரம் ஃபிராங்குக்கு எதிராக விஷம் கக்கினார், ஊரே வெறி பிடித்து அலைந்தது. ஒரு தெருப்பாடகன் ஊரில் நடப்பதைப் பாட்டாக்கினான். ரயில் கவிழ்ந்தாலும் கப்பல் மூழ்கினாலும் அவர்கள் செய்ததும் அதுதான்.

மில்காரன்மகள் எழுதியது:

கவிழ்ந்த ரயிலைப் பற்றிப் பாடினால் யாரும் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். இங்கே ஆள் சிறையில் உயிரோடு இருந்தார், தண்டனை சரியா தப்பா என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்தது, பாட்டில் இவன்தான் கொன்றான் என்று பெயர் சொல்லித் தீர்ப்பு.

ஆனாலும் நான் இவரை வெறும் வில்லனாக்கவில்லை. என் அப்பா ஆயுசு முழுக்க ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர், அதனால் இந்தக் கதையின் மில் பகுதி எனக்கு வேறு மாதிரி படுகிறது. கார்சன் ஜார்ஜியாவின் மலைப்பக்கத்து ஃபேனின் கவுண்டிக்காரர். 1900 வாக்கில் அட்லாண்டா வந்து பஞ்சாலையில் சேர்ந்தார், பின்னால் ஃபுல்டன் பேக் மில். நிலத்தை விட்டு வந்த குடும்பங்கள் கம்பெனி வீடுகளில் அடைந்து கிடந்தன, சின்னப் பிள்ளைகளும் மில்லுக்குப் போனார்கள். 1914 மே மாதம் அந்த மில்லில் வேலைநிறுத்தம். நிர்வாகம் ஒற்றர்களை உள்ளே விட்டது, வேலைநிறுத்தம் செய்த குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமானைத் தெருவில் எறிந்தது. அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன, பார்த்தால் வயிறு எரியும். ஒரு வருஷம் இழுத்துத் தோற்றுப்போனார்கள். கார்சன் முழுநேரம் பிடிலோடு தெருவுக்கு வந்தது அப்போதுதான்.

மேரி ஃபேகனைப் பற்றிப் பாடியபோது கேட்ட கூட்டம் யார்? தங்கள் மகள்களை மில்லுக்கு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்போடு இருந்தவர்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அது முதலாளி மேல் போயிருக்க வேண்டும், போனது ஒரு யூதர் மேல். திசை திருப்பியதில் வாட்சன் பத்திரிகைக்கு எவ்வளவு பங்கோ, படிக்கத் தெரியாத ஆளுக்கும் போய்ச் சேர்ந்த அந்தப் பாட்டுக்கும் பங்கு உண்டு. அதே 1915 நவம்பரில் அட்லாண்டா பக்கத்து ஸ்டோன் மவுண்டன் மேல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் மறுபடி தொடங்கப்பட்டது, தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

களரிமேடு எழுதியது:

சண்டைக்கு நடுவில் நானும் ஒன்று போடுகிறேன். கார்சனின் அந்த முதல் தட்டில் கோழிப் பாட்டுக்கு மறுபக்கம் இருக்கும் மரக்குடிசைப் பாட்டு எதைப் பற்றி என்று யாராவது கவனித்தீர்களா? 1871இல் வில் ஹேஸ் எழுதியது. முகத்தில் கரி பூசிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பர் வேஷம் போட்ட மேடைகளுக்கான பாட்டு. அடிமைக்காலம் போய்விட்டதே என்று ஒரு கிழட்டு அடிமை ஏங்குவதாக ஒரு வெள்ளைக்காரர் எழுதியதை, இன்னொரு வெள்ளைக்காரர் பாட, அதுதான் ‘வெள்ளைக்காரக் கிராமத்து இசை’யின் தொடக்கத் தட்டு!

அந்தப் பிடில் மாநாட்டில் கறுப்பர்களுக்கு இடமே கிடையாது. ஜார்ஜியாவில் கறுப்புப் பிடில்காரர்கள் இல்லையா என்றால் நிறைய இருந்தார்கள், நடன வீடுகளில் வெள்ளைக்காரர்களுக்கே வாசித்தார்கள். அட்லாண்டாவில் பியர் பதிவு செய்த அந்த முறையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்சனோடு லூசில் போகன், ஃபேனி கூஸ்பி என்ற இரண்டு கறுப்பினப் பாடகிகளும் பாடினார்கள். அதே கட்டடம், அதே கூம்பு. கடைக்குப் போகும்போது ஒன்று கறுப்பர் பட்டியல், இன்னொன்று வெள்ளையர் பட்டியல். கம்பெனிக்காரன் கிழித்த கோட்டைத்தான் நாம் இன்னமும் ப்ளூஸ், கண்ட்ரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கேட்க வேண்டியது: ஆண்ட்ரூ பேக்ஸ்டர். ஜார்ஜியாவின் கறுப்புப் பிடில்காரர். 1927இல் சார்லட்டில் யெல்லோ ஹாமர்ஸ் என்ற வெள்ளைக்காரக் குழுவோடு சேர்ந்து ‘ஜி ராக்’ வாசித்தார். கலந்து வாசித்த பதிவுகள் அப்போது விரல் விட்டு எண்ணலாம். என்ன ஒரு வில்!

வில்லும்தந்தியும் எழுதியது:

களரிமேடு, நன்றி, பேக்ஸ்டரைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். வில்லைத் தாளத்துக்குச் சற்று முந்தியும் பிந்தியும் வைக்கிற விதம் வேறு ரகம்.

பழையதட்டு எழுதியது:

கொஞ்சம் இளைப்பாற ஒரு கதை. 1924 மாநாட்டில் கார்சனைத் தோற்கடித்தவர் லோ ஸ்டோக்ஸ் என்ற இளைஞர். அந்தச் செய்தி பத்திரிகையில் வர, ஸ்டீஃபன் வின்சென்ட் பெனே என்ற அமெரிக்கக் கவிஞர் அதை வைத்து ஒரு கவிதை எழுதினார். பிசாசோடு பிடில் போட்டி போடும் ஜார்ஜியாப் பையன் பாட்டு 1979இல் சார்லி டேனியல்ஸ் பாடிப் பெரிய ஹிட் ஆனதல்லவா, அதன் மூலம் அந்தக் கவிதைதான். ஸ்டோக்ஸ் விஷயம் இன்னும் அதிசயம். 1930இல் துப்பாக்கிக் குண்டில் வலது கை போய்விட்டது. வில் பிடிக்கிற கை! கட்டைக் கையில் வில்லை மாட்ட ஒரு கொக்கி செய்துகொண்டு திரும்ப வாசிக்க வந்துவிட்டார்.

ராத்திரிரயில் எழுதியது:

கொக்கியா!! சரி, கார்சன் கடைசியில் என்ன ஆனார்? பணம் பார்த்தாரா?

பழையதட்டு எழுதியது:

1923லிருந்து 1931 வரை ஓகே கம்பெனிக்கு நூற்றுக்கு மேல் பாட்டுகள். தனியாகக் கொஞ்சம், ‘வர்ஜீனியா ரீலர்ஸ்’ என்று ஒரு குழுவோடு கொஞ்சம், மகள் ரோசா லீயோடு நிறைய. ரோசா லீ கிடாரும் பாஞ்சோவும் வாசிப்பார், அப்பாவை நக்கல் அடித்து வாயாடுகிற வேஷம் அவருக்கு. கம்பெனி அவருக்கு ‘மூன்ஷைன் கேட்’ என்று பேர் வைத்தது, அதாவது கள்ளச்சாராயக் கேட், ‘கேட்’ என்பது பெண் பெயர். அப்பன் குடிகாரன், மகள் திட்டுகிறாள், நடுவில் பிடில் என்று அந்தத் தட்டுகள் ஓடும்.

அப்புறம் பொருளாதார வீழ்ச்சி. 1927இல் அமெரிக்காவில் பத்துக் கோடிக்கு மேல் விற்ற தட்டு 1932இல் அறுபது லட்சம் அளவுக்குச் சரிந்தது. கார்சன் பாணிக்கும் வயதாகிவிட்டிருந்தது, மைக் வந்தபின் மெல்லப் பாடுகிறவர்கள் வந்துவிட்டார்கள். 1934இல் விக்டருக்காகக் கேம்டனில் ஒரு கடைசிப் பதிவு, பெரும்பாலும் பழைய பாட்டுகளையே திரும்பப் பாடினார்.

கடைசிக் காலத்தில் சோறு போட்டது அரசியல். யூஜின் டால்மட்ஜ் ஆளுநர் தேர்தலில் நின்றபோது கூட்டத்துக்குக் கூட்டம் போய் வாசித்தார். மோட்டார் வண்டி எண் பலகைக் கட்டணத்தை மூன்று டாலராக்குவேன் என்பது டால்மட்ஜ் வாக்குறுதி, கார்சன் அதற்கும் ஒரு பாட்டுக் கட்டினார். ஜெயித்தவர்கள் பதிலுக்கு ஜார்ஜியா தலைமைச் செயலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர் வேலை கொடுத்தார்கள். 1949 டிசம்பரில் சாகும்வரை அட்லாண்டாதான்.

ஊசிமுனை எழுதியது:

லிஃப்டில் ஏறுகிற எம்எல்ஏக்களுக்கு யார் என்று தெரிந்திருக்குமா?

பழையதட்டு எழுதியது:

தெரியாமல் என்ன, அந்த ஊரில் அவரைத் தெரியாத அரசியல்வாதி கிடையாது. பாதிப் பேர் கூட்டத்தில் அவர் வாசித்திருப்பார்.

மில்காரன்மகள் எழுதியது:

அதுதான் நான் சொல்ல வந்ததும். வாட்சனுக்கும் ஒரு பாட்டு, டால்மட்ஜுக்கும் ஒரு பாட்டு. ‘உலகுக்கே சோறு போடுகிறவன் உழவன்’ என்று இவர் பாடிய பாட்டு உண்மையிலேயே நல்ல பாட்டு, வட்டிக்காரனும் வியாபாரியும் உழவனை எப்படி உரிக்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகும். அதே வாயால் மேரி ஃபேகன் பாட்டையும் பாடினார், அந்த இரண்டையும் ஒரே கூட்டம் கைதட்டிக் கேட்டது. விவசாயிக்காகப் பாடிய கார்சன் நல்லவர், ஃபிராங்குக்கு எதிராகப் பாடியவர் கெட்டவர் என்று இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டால் நமக்கு வசதி, ஆனால் அந்த ஊர் அரசியல் அப்படிப் பிரியவில்லை.

களரிமேடு எழுதியது:

அந்த நாசாவ் தெருக் கட்டடம் இப்போது இல்லை, தெரியுமா? பாதுகாக்க வேண்டும் என்று ஆட்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2019இல் இடித்துவிட்டு அந்த இடத்தில் உல்லாச விடுதி கட்டிவிட்டார்கள்.

ஊசிமுனை எழுதியது:

அடப்பாவிகளா. லூசில் போகன் பாடிய இடமும் அதுதானே. கார்சனைப் பிடிக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் நஷ்டம்.

மில்காரன்மகள், நீங்கள் சொன்னதை யோசித்தேன். இப்போதும் தெருப்பாடகன் மேல் முழுப் பாரத்தையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மரியெட்டாப் படிக்கட்டு விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

ராத்திரிரயில் எழுதியது:

மேரி ஃபேகன் பாட்டு கார்சன் குரலில் கிடைக்குமா? கேட்காமல் கருத்துச் சொல்ல விருப்பமில்லை.

மில்காரன்மகள் எழுதியது:

மகள் பாடியதைக் கேளுங்கள். 1925இல் ஓகே வெளியிட்டது, மூன்ஷைன் கேட் என்று பேர் வைப்பதற்கு முன்னால், ரோசா லீ கார்சன் என்ற சொந்தப் பெயரிலேயே. அப்போது அவளுக்கு 15 வயது, மேரியைவிட இரண்டு வயதுதான் கூட. வாயாடித்தனம் எதுவும் இருக்காது, கிடாரைத் தட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில் பாடிக்கொண்டே போகும். எனக்குக் கார்சனின் தட்டுகள் எல்லாவற்றையும்விட அதைக் கேட்பதுதான் கஷ்டம்.

வில்லும்தந்தியும் எழுதியது:

கேட்டிருக்கிறேன். ரோசா லீ நன்றாகவே பாடுகிறாள், சுருதி அப்பாவைவிடச் சுத்தம். கேட்டு முடித்ததும் பேக்ஸ்டரையும் போட்டுக் கேளுங்கள் தம்பி, ‘ஜி ராக்’ மட்டும் போதாது, அவர் ஜிம் பேக்ஸ்டரோடு வாசித்தவையும் இருக்கின்றன.